சம்பந்தி ஊரும் ஒன்பதாவது கலமும்

போன வாரம் நீங்கள் எனக்குப் போன் செய்தீர்கள். பெயர் சொன்னீர்கள், என் காதில் சரியாக விழவில்லை. நகராட்சியில் புதிதாகச் சேர்ந்து பொதுப் பிரிவில் உட்கார்ந்திருப்பதாக மட்டும் புரிந்தது.

“மேடம், சகோதர நகர ஆண்டறிக்கைன்னு ஒண்ணு மேலருந்து கேட்டிருக்காங்க. அது என்னன்னு இங்க யாருக்கும் தெரியல. போன வருஷ நகல் கெடச்சிருச்சு. தேதிய மட்டும் மாத்தி அப்படியே அனுப்பிடவா?”

“ஒன்பதாவது கலத்துல என்ன இருக்கு?” என்று கேட்டேன்.

“பதினேழு பேரோட பட்டியல் மேடம். மொத பேரு அஞ்சலை.”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய பதில்தான், ஆனால் வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். விரல் முட்டி வலிக்கிறது, கண் எரிகிறது. முப்பத்து நான்கு வருடம் ஆபீஸில் எழுதியது போதாதா என்று மருமகள் கேட்கிறாள். நியாயமான கேள்வி.

ஊர் பெயர் வேண்டாம். அரியலூர்ப் பக்கம் ஒரு நகராட்சி, அவ்வளவுதான். நான் அங்கே இளநிலை உதவியாளராகச் சேர்ந்து மேலாளராக வெளியே வந்தவள். இப்போது பெரம்பலூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பழைய ஆட்களைப் பற்றித் துருவாதீர்கள். தப்பு செய்த ஆள் யார் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

சகோதர நகரம் என்பது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வெளிநாட்டு உறவெல்லாம் பெரிய நகரங்களுக்குத்தான் என்று நாங்களும் நினைத்திருந்தோம். நம் பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும் கிடைப்பது உங்களுக்குத் தெரியும். அதைப் பொறுக்க ஐரோப்பாவிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரர் வந்தார். அவருடைய ஊரிலும் சுண்ணாம்புக் குன்று, சிமெண்ட் ஆலை, அதே கல் நத்தை. அவர் திரும்பிப் போய்ச் சொல்ல, அந்த ஊர் நகரசபையிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. நாம் இரண்டு ஊரும் சகோதரர்களாக இருக்கலாமா என்று கேட்டிருந்தார்கள். மன்றக் கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறிற்று. அன்று போண்டா நன்றாக இருந்தது என்பதைத் தவிர உறுப்பினர்கள் யாருக்கும் அந்தக் கூட்டத்தைப் பற்றி வேறு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

மேலிடத்து அனுமதி வந்து, கையெழுத்தாகி, பஸ் ஸ்டாண்டு முகப்பில் இரண்டு ஊர்ப் பெயரும் போட்டு ஒரு பலகை வைத்தோம். ஒரு வருடத்துக்குள் மக்காச்சோள மூட்டை ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து அதை வளைத்துவிட்டது. நான் ரிடையர் ஆகும்வரை அது அப்படித்தான் குனிந்து நின்றது.

அந்த ஊரின் பெயரை ஆபீஸில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் அலுவலக உதவியாளர்தான் சுலபமாக ஒரு பெயர் வைத்தார். “சம்பந்தி ஊர்லேருந்து தபால் வந்திருக்கு மேடம்” என்பார். எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம். கமிஷனர்கூட அப்படித்தான் சொன்னார். சிரித்துக்கொண்டே வைத்த பெயர் எங்கள் நடத்தையாகவே ஆகிவிட்டது என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

கோப்பு என்னிடம் வந்ததற்குக் காரணம் என் இங்கிலீஷ். பெரிய இங்கிலீஷ் ஒன்றும் இல்லை, மற்றவர்களுக்குச் சுத்தமாக வரவில்லை. அப்போதிருந்த மேலாளர் கோப்பைக் கொடுக்கும்போது ஒரு பாடமும் சேர்த்துக் கொடுத்தார்.

“மேலருந்து என்ன படிவம் வந்தாலும் பதறாதம்மா. போன வருஷம் என்ன எழுதியிருக்குன்னு பாரு, அதையே எழுது. புதுசா கேட்டா இல்லைன்னு எழுது. இல்லைன்னு எழுதுனவங்கள எவனும் திருப்பிக் கேட்டதே இல்ல.”

நல்ல மனுஷர். யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. அவர் சொன்னதைப் பல வருடம் வேதமாகவே வைத்திருந்தேன். நீங்களும் யாரோ ஒருவரிடம் இதையே கேட்டிருப்பீர்கள், இல்லாவிட்டால் “அப்படியே அனுப்பிடவா” என்று உங்கள் வாயில் வந்திருக்காது. உங்களைக் குறை சொல்லவில்லை. அது நம் ஆபீஸின் தாய்ப்பால்.

அஞ்சலை யார் என்று சொல்ல வேண்டும். குன்னம் பக்கத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே தெரு. அவள் என்னைவிட ஒரு வயது பெரியவள். எங்கள் அம்மாக்கள் இருவரும் அடுத்தவர் கொல்லையில் வெங்காயம் அறுக்கப் போனவர்கள். எட்டாம் வகுப்போடு அவள் நின்றுவிட்டாள், நான் படித்தேன். அதற்கு என் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை. என் அப்பா குடிக்கமாட்டார், அவள் அப்பா குடிப்பார். கல்யாணமாகி அவள் எங்கள் நகராட்சி இருக்கும் ஊருக்கே வந்து, ஒப்பந்தக்காரரிடம் தூய்மைப் பணிக்குச் சேர்ந்தாள். ஆபீஸ் வாசலுக்குள் பார்த்தால் என்னை “மேடம்” என்பாள். வெளியே வந்துவிட்டால் “மலரு” என்பாள். எனக்கு அந்த மேடம் கூசும். ஆனால் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

அவள் கூட்டியது சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிச் சாலை. அந்தச் சாலையில் வேப்பிலைகூடப் பச்சையாக இருக்காது. வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு வருடத்தில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது. அவளோடு கூட்டிய இன்னும் சில பேருக்கும் வந்தது. காலையில் அவர்கள் வருகைப் பதிவுக்கு நிற்பதை மஸ்டர் என்பீர்கள் அல்லவா, அங்கே பெயர் கூப்பிடுவதைவிட இருமல்தான் அதிகம் கேட்கும்.

இரண்டாம் வருடம் சம்பந்தி ஊரிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். அந்த ஏற்பாட்டை நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது. மூன்று வார்டு ஆட்களை இழுத்து ஒரே சாலையைக் கூட்ட வைத்தோம். சிமெண்ட் லாரிகளைக் காலையிலிருந்து பைபாஸிலேயே நிறுத்தினோம். லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சாலையின் இரண்டு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுத்தோம். யார் வந்தாலும் நாம் போடுவது அந்தக் கோடுதானே. மந்திரி வந்தாலும் அதுதான், கொசு வந்தாலும் அதுதான்.

அன்று காலை கமிஷனர் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், அந்த இருமுற ஆளுங்க யாரும் முன்னாடி நிக்கக்கூடாது. லீவு குடுத்தா மஸ்டர்ல ஆள் கொறையும். எங்கயாச்சும் உட்கார வைங்க. வந்தவங்க போற வரைக்கும்தான்.”

ஆபீஸுக்குப் பின்னால் சாமான் அறை இருக்கிறது, அங்கே உட்காரட்டும் என்று சொன்னது நான். யோசிக்கவே இல்லை. கைக்கு எட்டிய அறையைச் சொன்னேன். அஞ்சலையோடு சேர்த்து ஐந்து பெண்கள் உள்ளே போனார்கள். அந்த அறையில்தான் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள் அடுக்கியிருந்தன. காலையில் அவசரத்தில் அள்ளியதில் இரண்டு மூட்டை வாய் பிரிந்து கிடந்திருக்கிறது. இருமுகிறவர்களைக் கொண்டுபோய் அங்கே அடைத்தேன்.

வந்த ஐந்து பேரில் ஒருவர் வயதானவர். அவர் பெயரும் எங்கள் வாயில் நுழையாது, பெரியவர் என்றே சொல்லிக்கொண்டோம். அந்த ஊர்ச் சுண்ணாம்புக் குவாரியில் கல் உடைத்துப் பிறகு நகரசபைக்கு வந்தவராம். பேச்சு மெதுவாக வரும். மாலை, சால்வை, கரகாட்டம் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு தனியாக நடந்துபோய், ஆபீஸின் பின்சுவரை ஒட்டிய சாலை ஓரத்து வேப்பமரத்தில் ஓர் இலையைப் பறித்து, கட்டைவிரலால் தேய்த்து, விரலை எங்களிடம் காட்டினார். தண்ணீர் தெளித்தது சாலைக்குத்தான், மரத்துக்கு இல்லை. விரல் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“இந்தச் சாலையை யார் கூட்டுகிறார்கள்? அவர்களில் யாருக்காவது இருமல் இருக்கிறதா?” என்று இங்கிலீஷில் கேட்டார். நான் கமிஷனரிடம் தமிழில் சொன்னேன்.

“யாருக்கும் இல்லைன்னு சொல்லுங்க மேடம்” என்றார். முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. “வூட்டுக் கொறைய யாராச்சும் சம்பந்திகிட்ட சொல்லுவாங்களா?”

அந்த நேரம் சாமான் அறையிலிருந்து இருமல் கேட்டது. ஒருத்தி ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, முடியாமல் ஐந்து பேரும் சேர்ந்து இருமினார்கள். பெரியவர் அந்தச் சுவரையே பார்த்தார். நான் அவரிடம் “ஒருவருக்கும் இல்லை” என்றேன். அவர் தலையை ஆட்டினார், மறுபடி கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்கு இருந்தது. அவமானமாக இருந்தது. அந்த அவமானத்தோடு போய் எல்லோருக்கும் மதியச் சாப்பாட்டு ஏற்பாட்டைக் கவனித்தேன்.

அவர்கள் போனபிறகு அறையைத் திறந்தால் அஞ்சலையின் கண் இரண்டும் சிவந்து நீர் ஊற்றிக்கொண்டிருந்தது.

“ஏ மலரு, ஒளிச்சு வைக்க வேற எடமே கெடைக்கலயா ஒனக்கு?” என்றாள். திட்டவில்லை, சிரித்தாள். சிரித்ததும் மறுபடி இருமல் வந்துவிட்டது.

இரண்டு மாதத்தில் அந்த ஊரிலிருந்து ஒரு படிவம் வந்தது. வருடா வருடம் இரண்டு ஊரும் ஒருவர் நிலையை ஒருவருக்குச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று மொத்தம் பதினோரு கேள்வி. பள்ளிகள், பூங்காக்கள், விழாக்கள் என்று போய், ஒன்பதாவது கலத்தில், தூசியால் மூச்சுத் தொல்லை உள்ள பணியாளர்கள் யார் யார், பெயர் வேண்டும் என்று இருந்தது. பெயர்கள் வந்தால் அவர்கள் ஊர் டாக்டர் இரண்டு வாரம் இங்கே வந்து பார்ப்பார் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். யார் சேர்த்த கேள்வி என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிவத்தின் நகல் மேலிடத்துக்கும் போகும்.

அஞ்சலையிடம் போய்ச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என் பேர எழுதிடாத மலரு. சீக்காளின்னு தெரிஞ்சா மேஸ்திரி மறுநாளே பேர அடிச்சுடுவாரு. மவ ப்ளஸ் டூ படிக்கிறா. அவ ஒரு கரையேறட்டும். அதுவரைக்கும் இந்த இருமல நான் பாத்துக்கறேன்.”

இங்கேதான் நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாலைக்குள் படிவம் போக வேண்டும் என்று கமிஷனர் மூன்று முறை கேட்டுவிட்டார். எழுதினால் அவள் வேலை போகலாம். எழுதாவிட்டால் டாக்டர் வரமாட்டார். கமிஷனருக்கு வேண்டிய பதிலும் ‘இல்லை’, மேலாளர் கற்றுக்கொடுத்த பதிலும் ‘இல்லை’, அவளே கெஞ்சிக் கேட்ட பதிலும் ‘இல்லை’. எல்லோரும் ஒரே பதிலைக் கேட்டால் அது சரியான பதிலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அவளுக்கு நல்லது செய்கிறேன் என்றுகூட நினைத்தேன். ஒன்பதாவது கலத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் பெரியவரிடமிருந்து தனியாக ஒரு கடிதம் வந்தது. என் பெயருக்குத்தான், ஆனால் ஆபீஸ் முகவரிக்கு. பல தடவை படித்ததால் மனப்பாடம்.

“உங்கள் பதில் கிடைத்தது. ஒன்பதாவது கேள்விக்கு ஒருவரும் இல்லை என்று இருக்கிறது. எங்கள் குவாரியிலும் பல வருடம் அப்படித்தான் எழுதினார்கள். அப்போது நானும் என் அண்ணனும் அங்கே வேலை செய்துகொண்டிருந்தோம். எழுதியவர் கெட்டவர் இல்லை, எங்கள் தெருக்காரர். எங்கள் வேலை போய்விடக் கூடாது என்றுதான் எழுதினார். அண்ணன் இப்போது இல்லை. நான் பாதி மூச்சில் இருக்கிறேன். அன்று சுவருக்குப் பின்னால் இருமியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பதில் மாறினால் எழுதுங்கள்.”

ஆபீஸுக்கு வந்த கடிதத்தைத் தபால் பதிவேட்டில் ஏற்றி எண் போட வேண்டும். எண் போட்டால் பதில் போட்டே ஆக வேண்டும். அதனால் நான் எண் போடவில்லை. மேசை இழுப்பறையில், பழைய பென்சில்களுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். வணக்கத்தையும் சொல்லவில்லை. சொன்னால் கடிதத்தைச் சொல்ல வேண்டிவருமே.

அதற்கடுத்த வருடம் படிவம் வந்தபோது எனக்கு அடுத்து அந்தப் பிரிவுக்கு வந்தவர் எழுதினார். போன வருடத்தைப் பார்த்தார், ‘இல்லை’ என்று எழுதினார். அடுத்த வருடம் வேறொருவர். அவரும் அப்படியே. ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இதற்குள் அங்கே நகரசபை மாறியது, இங்கே மன்றமே கொஞ்ச காலம் இல்லாமல் இருந்தது. சம்பந்தி ஊர்க் கடிதங்கள் குறைந்து நின்றுபோயின. ஆனால் அதே படிவம் ஆண்டறிக்கை என்ற பெயரில் மேலிடத்துக்குப் போவது நிற்கவில்லை. கேட்பவருக்கு எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாது, அனுப்புபவருக்கு எதற்கு அனுப்புகிறோம் என்று தெரியாது. நமக்குப் பழக்கமான விஷயம்தான்.

நான் மேலாளர் ஆகிவிட்டேன்; பென்சில்களும் அடியிலிருந்த கடிதமும் என்னோடு புது மேசை இழுப்பறைக்கு வந்துவிட்டன. ரிடையர் ஆக ஐந்து மாதம் இருக்கும்போது ஒருநாள் அஞ்சலை ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தாள். நான்கே படி. இரண்டு ஏறியவள் மூன்றாவதுக்கு மூச்சு இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். நான் இறங்கிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாசலுக்கு உள்ளேதான், ஆனாலும் மேடம் என்று சொல்லவில்லை.

“மலரு, அந்தப் படிவம் இன்னும் வருதா?”

“வருது.”

“இப்ப எழுதிக்க என் பேர. மவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. இனிமே மேஸ்திரி என்னத்த அடிச்சா எனக்கென்ன.” கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். “மொத பேரா எழுது. அப்பத்தான் மத்தவளுங்களும் குடுப்பாளுங்க.”

மறுநாள் காலை ஐந்தரைக்கு மஸ்டருக்குப் போனேன். அத்தனை வருட வேலையில் நான் மஸ்டருக்குப் போனது அதுதான் முதல் தடவை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். நோட்டைத் திறந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் நகர்ந்தார்கள். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றாள். பொத்திய துணிக்குள் இருமினாள்.

அஞ்சலை அவள் தோளில் கை வைத்தாள். “அடியே, பேர் குடுத்தா வேல போவும்னு நானுந்தான் பயந்தேன். குடுக்காம என்ன ஆச்சுன்னு என்னப் பாரு.”

அன்று பதினேழு பெயர் கிடைத்தது. இன்னும் இருந்தார்கள், தரவில்லை. வற்புறுத்தவில்லை.

அப்போதிருந்த கமிஷனர் இளம் வயதுக்காரர். பட்டியலைப் பார்த்துப் பேனாவை மூடினார்.

“போன வருஷம் இல்லை. அதுக்கு முந்துன வருஷம் இல்லை. இந்த வருஷம் திடீர்னு பதினேழு பேரா? ஒரே ராத்திரில எல்லாருக்கும் இருமல் வந்துடுச்சா மேடம்?”

“ஒரே ராத்திரில வரல சார். நான்தான் எழுதல.”

“நீங்க அஞ்சு மாசத்துல ரிடையர் ஆகிப் போயிடுவீங்க. மேல கேள்வி கேட்டா நிக்கப்போறது நான்.”

“‘இல்லை’ன்னு மொதல்ல எழுதுனது நான்தான்னு குறிப்புலயே எழுதித் தரேன் சார்.”

“மெமோ வரும். இந்த நேரத்துல வேணுமா உங்களுக்கு? யோசிச்சுட்டு வாங்க.”

யோசிக்கப் போனேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்தேன். மகன் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான், ஓய்வூதியம் இழுத்தடித்தால் கஷ்டம். என் இருக்கையில் உட்கார்ந்து இழுப்பறையைத் திறந்தேன். பென்சில்களுக்கு அடியில் கடிதம் மஞ்சளாகிக் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தபால் பிரிவுக்குப் போய், அன்றைய தேதியில் பதிவேட்டில் ஏற்றி, எண் போட வைத்தேன். ஒன்பது வருடம் பூட்டி வைத்த கடிதத்துக்கு இன்றைய தேதி போடுவது விதிப்படி தப்பு. என் வேலையில் நான் தெரிந்தே செய்த ஒரே சரியான காரியமும் அதுதான்.

எண் போட்ட கடிதத்தைக் கமிஷனர் மேசையில் வைத்தேன்.

“இதுக்கு நாம பதில் எழுதணும் சார். எண் விழுந்துடுச்சு. எழுதாம விட்டா அதுக்கும் கேள்வி வரும்.”

அவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். ‘எழுதியவர் கெட்டவர் இல்லை, எங்கள் தெருக்காரர்’ என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவங்க உங்க தெருவா மேடம்?” என்று பட்டியலின் முதல் பெயரைக் காட்டிக் கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டார்.

சம்பந்தி ஊருக்கு அனுப்பியதற்கு ஆறு வாரத்தில் பதில் வந்தது. அங்கே நகரசபை ஆபீஸில் இருக்கும் ஒரு பெண் எழுதியிருந்தார். சகோதர நகரக் குழுவைக் கலைத்து மூன்று வருடம் ஆகிறதாம். பெரியவர் முந்தின குளிர்காலத்தில் இறந்துவிட்டாராம். எங்கள் கடிதத்தை அவர் மகளிடம் கொடுத்ததாகவும், மகள் அதை அங்கேயே நின்று படித்ததாகவும் எழுதியிருந்தார். நான் அன்று கழிவறைக்குள் போய் அழுதேன். ஒன்பது வருடத்தில் எந்த வருடம் எழுதியிருந்தாலும் பதில் அவரிடமிருந்தே வந்திருக்கும்.

மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது, விளக்கம் கேட்டார்கள், எனக்கு மெமோவும் வந்தது. ஒத்துக்கொண்டு எழுதினேன், கண்டித்து விட்டுவிட்டார்கள். ஆனால் கேள்வி கேட்டவர்கள் சும்மா இருக்க முடியாதல்லவா, அரசு ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சில பேரை லாரிச் சாலையிலிருந்து பூங்கா வேலைக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக்காரர் இரண்டு பேரை நீக்கப் பார்த்தார். கமிஷனர் விடவில்லை. “பட்டியல்ல பேர் மேல போயிருக்கு. நீக்குனா ஏன்னு கேப்பாங்க” என்றார். எந்தக் கேள்விக்குப் பயந்து ஒன்பது வருடம் பெயரை மறைத்தோமோ, அந்தக் கேள்விதான் கடைசியில் அவர்கள் வேலையைக் காப்பாற்றியது. முதல் வருடமே எழுதியிருந்தால் அன்றும் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அஞ்சலையின் நுரையீரல் சுருங்கிவிட்டது, மருந்து தாமதப்படுத்தும், சரிப்படுத்தாது என்றார் டாக்டர். பூங்காவில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. ரிடையர் ஆன அன்று அவளிடம் பெரியவரின் வணக்கத்தைச் சொன்னேன், கடிதத்தையும் சொன்னேன். வைவாள் என்று நினைத்தேன். “அந்த மனுசன் எங்க இருமலக் கேட்டுட்டாரா?” என்று மட்டும் கேட்டாள். கேட்டார் என்றேன். “போ, அதுபோதும்” என்றாள். அவளுக்குப் போதுமாக இருந்தது, எனக்கு இல்லை.

சகோதரர்கள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு நாம் அந்த ஊரைச் சம்பந்தி மாதிரி நடத்தினோம். கூடப்பிறந்தவனிடம்தான் வீட்டு நோயைச் சொல்வார்கள். சம்பந்திக்குச் சால்வை போட்டு, தூசியைக் கோலத்தால் மறைத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். அந்த ஊரிலிருந்து நமக்கு வந்தது ஒரே ஒரு உருப்படியான பொருள், அந்த ஒன்பதாவது கேள்வி. உறவு செத்துவிட்டது, குழு கலைந்துவிட்டது, கேட்டவர் போய்விட்டார். கேள்வி மட்டும் வருடா வருடம் உங்கள் மேசைக்கு வருகிறது.

இனி உங்கள் போனுக்குப் பதில். ‘இல்லை’ என்று நான் ஒருமுறை எழுதியதை ஒன்பது வருடம் பார்த்துப் பார்த்து எழுதினார்கள். பதினேழு பெயரை எழுதியபின் அதையும் இப்போது பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மனசாட்சியை நம்ப முடியாத இடத்தில் சோம்பலையாவது நம்பலாம் என்று ரிடையர் ஆனபோது எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. உங்கள் போன் வந்ததும் அதுவும் போயிற்று.

அஞ்சலை இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கடைசியில் குன்னம் பக்கம் பிறந்த வீட்டுக்கே போயிருந்தாள். அங்கே சோளம் ஒடிக்கிற நேரம், தெருவில் தூக்கக்கூட ஆள் குறைவாகத்தான் இருந்தார்கள். நீங்கள் வைத்திருக்கும் அந்த நகலில் அவள் இன்னும் உயிரோடு இருமிக்கொண்டிருக்கிறாள். அவள் போனபின் அந்தச் சாலையைக் கூட்ட வந்த பெண்ணின் பெயர் அதில் இல்லை.

ஆகவே அப்படியே அனுப்பாதீர்கள். நாளைக் காலை ஐந்தரைக்கு மஸ்டருக்குப் போங்கள். பெயர் கூப்பிடும் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்று கேளுங்கள். பிறகு நோட்டைத் திறந்து, தருகிறவர்கள் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் பெயரை மட்டும் வெள்ளை மை வைத்து அழித்துவிடாதீர்கள். நம் ஆபீஸ் வழக்கப்படி, சிவப்பு மையில் ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதி, தேதியோடு சுருக்கொப்பம் போடுங்கள். கோட்டுக்கு அடியில் அவள் பெயர் படிக்கிற மாதிரி இருக்கட்டும்.